லைன் வந்த வழி

"லைன்மேனுக்கு போன் போட்டேன், லைன் கெடைக்கல."

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் யாராவது இப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஒரு கணமும் குழம்ப மாட்டார். முதல் லைன் மின்சாரம், இரண்டாவது லைன் தொலைபேசி. அதே பெஞ்சில் இன்னொருவர் "லைனைத் தாண்டிப் போனா சீக்கிரம் போயிடலாம்" என்பார், அது தண்டவாளம். "இன்னிக்கு லைன்காரரு வர்ற நாளு" என்று ஒருவர் எழுந்து நழுவுவார், அது வாரவட்டி. "லைன் வீடு ஒண்ணு காலியா இருக்குதாம்" என்றால் வாடகைக்கு ஓர் ஒண்டுக்குடித்தனம். "பையன் லைன் போடறான்" என்றால் விளக்கம் வேண்டியதில்லை.

ஆங்கில அகராதியைத் திறந்தால் 'லைன்' என்பதற்குப் பத்தி பத்தியாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். பள்ளியில் ஆங்கில வாத்தியார் அதைப் 'பல பொருள் ஒரு சொல்' என்று சொல்லித்தருவார். ஆனால் நம் ஊருக்கு அது அகராதியோடு வரவில்லை. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களோடு வந்து இறங்கியது. ரயிலோடு ஒன்று, கரண்டோடு ஒன்று, தேயிலையோடு ஒன்று, கடனோடு ஒன்று. எல்லாம் ஒரே சொல்தான் என்பது பிறகு தற்செயலாகத் தெரிந்த உறவுமுறை.

பிறந்த இடம் ஒரு செடி. லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி. அதன் தண்டு நாரில் திரித்த நூலின் பெயரிலிருந்துதான் 'லைன்' வந்தது. லினன் துணி, சட்டைக்கு உள்ளே வைக்கும் லைனிங், தச்சர்கள் மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் எல்லாம் ஒரே குடும்பம். நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். நேராக நிற்பதைப் பார்த்துக் கோடு போடலாம். கோட்டின்மேல் ஆட்களை நிறுத்தினால் வரிசை. வரிசையாக எழுத்தை அடுக்கினால் வரி. ஒருவர்பின் ஒருவராகப் பிறந்தால் வம்சம். இப்படித்தான் அது ஐரோப்பாவில் பெருத்தது.

இதில் பாதி வேலையை நம் 'நூல்' என்றைக்கோ பார்த்துவிட்டது. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் வைக்கிறார். நேராக இருந்தால் 'நூல் பிடிச்ச மாதிரி' என்கிறோம். கம்பிக் கடையில் மூன்று நூல் கம்பி, நான்கு நூல் கம்பி கேட்கிறோம். அங்கே நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை 'லைன்' என்றுதான் அழைத்தார்கள். எழுதிக் கட்டிய புத்தகமும் நமக்கு நூல். பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பவனை 'நூல் விடறான்' என்கிறோம். 'லைன் விடறான்' என்பதும் அதே ஆளைத்தான். மிச்சம் இருந்த வேலையைக் 'கொடி' எடுத்துக்கொண்டது. துணி காயப்போடுவது கொடி, பிள்ளையைத் தாயோடு இணைப்பது தொப்புள்கொடி, கழுத்தில் கிடப்பது தாலிக்கொடி, பரம்பரை என்றால் கொடிவழி. அதுவும் ஒரு செடியிலிருந்துதான் கிளம்பியது.

ஆகவே நம்மிடம் சொல் இல்லை என்று லைன் வரவில்லை. துணிக்கொடியை யாரும் லைன் என்று சொல்வதில்லை. பாட்டின் வரியையும் கைரேகையையும் அப்படியே விட்டுவிட்டோம். புதிதாக ஒரு பொருள் ஊருக்குள் வந்தபோது, அதைக் கொண்டுவந்தவன் வாயில் இருந்த பெயரையும் சேர்த்து இறக்கிக்கொண்டோம். அவ்வளவுதான்.

முதலில் வந்தது இரும்பு. சென்னையிலிருந்து அரபிக்கடலை நோக்கிப் பாதை போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாக 1861 வாக்கில் சேலத்தை எட்டியது. 1862க்குள் கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூர் வரை ரயில் ஓடிற்று. அந்தப் பாதையில்தான் மொரப்பூர். ரயில்வேக்காரர்களுக்குப் பாதை என்றால் 'லைன்'. மேலே போவது அப் லைன், கீழே வருவது டவுன் லைன், ஒதுங்கி நிற்பது லூப் லைன். சுத்தியலும் ஸ்பானருமாகத் தினமும் தண்டவாளத்தோடு நடந்து கழன்ற சாவிகளை அடித்து இறுக்கும் கீமேன் 'லைன் பார்க்க' போகிறார். நல்ல தமிழில் இருப்புப்பாதை என்று எழுதினோம், தண்டவாளம் என்று பேசினோம். ஆனால் மாடு மேய்க்கிறவரைக் கேட்டால் "லைன் ஓரமா" மேய்க்கிறேன் என்பார்.

அந்த லைன் வந்து பதினைந்து ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சேலம் ஜில்லா பட்ட பாடு சாதாரணமானதல்ல. தருமபுரி அப்போது சேலத்தோடுதான் இருந்தது, தனி மாவட்டமானது 1965ல்தான். ரயில் போன ஊர்களுக்குத் தானியம் வந்து சேர முடிந்தது. (விலை கிடைக்கும் இடத்துக்கு அதே ரயிலில் தானியம் வெளியே போகவும் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) ரயில் தொடாத ஊர்களுக்கு மாட்டுவண்டிதான் கதி, தீவனம் இல்லாமல் மாடுகளே செத்துக்கொண்டிருந்தபோது வண்டியை யார் இழுப்பது? 1880ல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், அடுத்த பஞ்சத்துக்குக் காப்பாக ரயில் பாதைகளை நீட்டச் சொன்னது. இலாபம் வராவிட்டாலும் சோறு போகட்டும் என்பது கணக்கு. இந்த வகைப் பாதைகளுக்குப் பெயரே பஞ்ச லைன்.

மொரப்பூருக்கு இரண்டாவது லைன் அப்படித்தான் வந்தது. 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, 1906ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று, பிறகு 1913ல் அதையே ஓசூர் வரை நீட்டினார்கள். எல்லாம் குறுகிய பாதை. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி. பெரிய பாதையில் அந்த இடைவெளி ஐந்தரை அடி. தருமபுரிப் பக்கமிருந்து புளியோ தானியமோ மூட்டையாக வந்தால் மொரப்பூரில் சின்ன வண்டியிலிருந்து இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு அளவுப் பாதைகள் சந்திக்கிற எந்த ஊரிலும் சுமைகூலிக்கு வேலை கிடைக்கும். மொரப்பூருக்கும் அந்த யோகம் வாய்த்தது.

யோகம் 35 ஆண்டுகள்தான். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941ல், பாதையை மூடினார்கள். போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தருமபுரிக்கு மறுபடி ரயில் வந்தது 1960களின் இறுதியில், சேலம்–பெங்களூர்ப் பாதையாக. அது மொரப்பூரைத் தொடவில்லை. அதனால்தான் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய தருமபுரிக்காரர்கள் தங்கள் ஊர் நிலையத்தைத் தாண்டி பஸ் பிடித்து மொரப்பூருக்கு வருகிறார்கள்.

ரயில்வே கொண்டுவந்த சொற்களில் 'லைன் கிளியர்' எனக்குப் பிடித்தமானது. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. ஆகவே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் கேட்டு, அங்கிருந்து அனுமதி வந்த பிறகுதான் வண்டியை விடுவார். அதற்கு அடையாளமாக இரும்புப் பந்து போன்ற ஒரு டோக்கன். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நுழைத்து அதை வாங்கிக்கொள்வார்கள். அது கைக்கு வந்தால் லைன் கிளியர். பாதை உன்னுடையது, போகலாம்.

இதே சொல் மின்வாரியத்தில் தலைகீழாக நிற்கிறது. அங்கே 'எல்.சி. வாங்கியாச்சா?' என்று கேட்பார்கள். விரித்தால் அதே லைன் கிளியர். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் முன் துணை மின்நிலையத்தில் சொல்லி அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அங்கே இருப்பவர் பிரேக்கரைத் திறந்து, எழுதி வைத்துக்கொண்டு அனுமதி கொடுப்பார். வேலை செய்யும் இடத்தில் கம்பியை எர்த் செய்த பிறகுதான் கைவைக்கலாம். ஆட்கள் எல்லோரும் இறங்கிய பிறகு எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி கரண்ட். ரயிலில் லைன் கிளியர் என்றால் இனி ஓடலாம். மின்சாரத்தில் லைன் கிளியர் என்றால் எதுவும் ஓடவில்லை. இரண்டிலும் கிளியர் என்று தப்பாக நினைத்துவிட்டால் ஆள் போய்விடும். வாங்கிய எல்.சி. வேறு கம்பிக்கானது என்பதாலும், மேலே ஒருவர் இருப்பது தெரியாமல் திருப்பிக் கொடுத்ததாலும் கம்பத்திலேயே உயிர் விட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. லைன்மேன் என்ற பெயரில் இருக்கும் லைன் அத்தனை லேசான லைன் அல்ல.

பைக்காரா 1932, மேட்டூர் 1937, பிறகு 1957ல் மின்வாரியம் என்று கரண்ட் கிராமங்களுக்குப் பரவப் பரவ, லைன் என்றால் ரயில் என்ற நிலை போய்க் கம்பி முன்னுக்கு வந்தது. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானபோது, வானம் பார்த்த பூமியில் கிணற்றடிப் பேச்சே லைனைச் சுற்றியதாக ஆயிற்று. "த்ரீ பேஸ் எப்ப வருது?" "லைன்ல ஒரு பேஸ் போயிடுச்சு, மோட்டார் உறுமுது." தாழத் தொங்கும் லைன் வேறு வகை அபாயம். 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் அருகே ஓர் ஆண் யானை ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது துதிக்கை மேலே போன மின்கம்பியில் பட்டு அதே இடத்தில் விழுந்தது. கம்பைநல்லூர் மொரப்பூருக்குப் பக்கத்து ஊர். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது.

தொலைபேசி லைனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரங்க் கால் காலத்தில் 'லைன் போட்டுக் குடுங்க' என்று எக்ஸ்சேஞ்சில் கெஞ்சியவர்கள் இப்போது கம்பியே இல்லாத போனில் 'லைன் கட்டாயிடுச்சு' என்கிறார்கள். கம்பி போனாலும் கம்பியின் பெயர் போகவில்லை. இணையச் சேவைக் கடையில் 'ஆன்லைன் பண்ணிட்டேன்' என்றால் விண்ணப்பம் போட்டாயிற்று என்று பொருள்.

லைன் வீட்டின் வழி இன்னும் நீளம், கொஞ்சம் கசப்பும் கூட. பட்டாளத்துக்காரர்கள் கூடாரங்களையும் பாரக்குகளையும் வரிசையாக அமைத்தபோது அந்த வரிசை 'லைன்ஸ்' ஆனது. வடக்கே சிவில் லைன்ஸ், இங்கே போலீஸ் லைன் எல்லாம் அதன் எச்சம். அதே திட்டத்தைத் தோட்டத் துரைமார்கள் இலங்கை மலைகளில் கூலிகளுக்குப் பயன்படுத்தினார்கள். முதலில் காப்பி. 1869லிருந்து இலைத்துரு நோய் அதை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரவில் நட்டுத் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கங்காணிகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து ஆள் திரட்டினார்கள். வறண்ட சேலம் ஜில்லாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களுக்கு அங்கே கிடைத்தது நீளமான ஒரே கட்டிடம், குறுக்கே தடுத்த அறைகள், அறைக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. சில இடங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. பின்பக்கம் சன்னலுக்கும் இடமில்லை.

லைன் என்று துரை சொன்னதை மலையகத் தமிழர்கள் 'லயன்' ஆக்கி, 'லயம்' ஆக்கினார்கள். அறை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த 'காம்பரா'. லயத்துக் காம்பரா! சங்கீதத்தில் லயம் என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் தொண்டையில் மாட்டும். மலையகச் சிறுகதைகளைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் முதல் முறை இதில் தடுக்கி விழுவார். 1948ல் அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கானவர்களைப் பங்கு பிரித்தார்கள். கப்பலேறித் திரும்பியவர்களில் பலரை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், மறுபடி வரிசை வீடுகளிலேயே குடியமர்த்தினார்கள். லயம் அவர்களைவிட வேகமாக வந்து காத்திருந்தது.

நம் ஊர்ப் பக்கத்து லைன் வீட்டுக்கு அத்தனை துயரக் கதை கிடையாது. நீளமாக ஒரு ஓட்டுக் கட்டிடமோ தளம் போட்டதோ, ஐந்தாறு கதவுகள், பொதுவில் ஒரு குழாய், கடைசியில் கழிப்பறை. வாடகை குறைவு. சண்டை அதிகம், அடுத்த வீட்டுக் குழம்பு வாசனை இலவசம். திருப்பூரில் பனியன் தொழிலுக்குப் போகிற அரூர், மொரப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் வாடகைக்குப் பிடிப்பது இப்படி ஒரு லைன் வீட்டைத்தான்.

இனி, நடந்தும் வண்டியிலும் போகிற லைன். பிஸ்கட், சோடா, சோப்பு ஏற்றிக்கொண்டு கடை கடையாக நிற்கும் வேனுக்குத் திங்கட்கிழமை ஒரு லைன், செவ்வாய்க்கிழமை வேறு லைன். பேப்பர் போடுகிறவருக்கும் பால் ஊற்றுகிறவருக்கும் ஆளுக்கொரு லைன். நாமக்கல் பக்கத்தில் வெளிமாநிலத்துக்கு ஓடுவது லைன் லாரி. ராசிபுரம், கரூர்ப் பகுதிகளில் 'பையன் லைனுக்குப் போயிருக்கான்' என்றால் ஆந்திராவிலோ மகாராஷ்டிரத்திலோ தங்கிக் கடன் கொடுத்து வசூல் செய்கிறான் என்று அர்த்தம்.

அந்தத் தொழிலின் கணக்கு எளிது. பத்தாயிரம் கடன் என்றால் கையில் ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ வரும். வட்டி முன்கூட்டியே பிடித்தாயிற்று. பிறகு வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம். ஒரு சின்ன அட்டை, அதில் கட்டம் கட்டமாகத் தேதி, கட்டிய வாரத்துக்கு எதிரே ஒரு கிறுக்கல். டூ-வீலரைத் தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தாலே அட்டைகள் வெளியே வரும். பூக்கடை, இட்லிக்கடை, தள்ளுவண்டி என்று வங்கி வாசலுக்கே போகாதவர்களுக்கு அவசரத்துக்குக் கிடைக்கும் பணம் இது. ஒன்பதாயிரத்துக்குப் பத்து வாரத்தில் ஆயிரம் வட்டி, அதுவும் வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வரும்போது, எத்தனை சதவீதம் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் அந்த அவசரத்தின் விலை தெரியும். லைன்காரர் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கடன் வாங்கியவருக்கு அதற்கு நேரமில்லை.

கடைசியாக வந்த லைன் இப்போது இந்த மாவட்டத்துப் புன்செய்களில் புழங்குகிறது. தருமபுரியில் காடு என்றால் வனம் அல்ல, மானாவாரி நிலம். "எங்க காடு லைன்ல போவுதுங்க" என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: "எந்த லைனுங்க?"

கேள்வியில் விஷயம் இருக்கிறது. டவர் லைன் என்றால் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். கோபுரம் நிற்கும் இடத்துக்கும் அழிந்த பயிருக்கும் மரத்துக்கும் இழப்பீடு. கம்பிக்குக் கீழே இனி தென்னை வைக்க முடியாது. கோபுரத்தை உங்கள் அனுமதி கேட்டுத்தான் நட வேண்டும் என்பதில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் தந்திக் கம்பம் நடுகிறவருக்கு இருந்த அதிகாரத்தை உயரழுத்தக் கோபுரம் நடுகிறவருக்குக் கொடுக்க வழி செய்தது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் 2018 வாக்கில் உட்கார்ந்து போராடியபோது அவர்கள் முன் நீட்டப்பட்டது தந்திக் கம்பிக்கு எழுதிய அந்தச் சட்டம்தான்.

பைப் லைன் என்றால் 1962ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் உங்களுடையது, உபயோக உரிமை அவர்களுடையது. மேலே உழலாம்; வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. அந்த உரிமைக்குச் சட்டம் வைத்த விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். கெயில் எரிவாயுக் குழாய் தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே போகக் கூடாது என்று தமிழக அரசே எதிர்த்து வழக்காடியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ரயில் லைன் என்றால் நிலம் மொத்தமாகப் போய்விடும், பட்டா உட்பட. பதிலுக்கு ஒரே தொகை. மொரப்பூர்–தருமபுரி பாதையைத் திரும்பப் போட 2019 மார்ச் 4 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர், சுமார் 359 கோடி ரூபாய் மதிப்பீடு. தருமபுரி நகரை ஒட்டி, 1906ல் சின்ன ரயில் போன தடத்தில் இடைப்பட்ட காலத்தில் வீடுகள் எழுந்துவிட்டதால், வேறு வழியாகச் சுற்றி அளக்க வேண்டியதாயிற்று. புதிய தடம் யார் காட்டின் வழியே போகிறது என்று தெரிவதற்கு முன்பே, ரயில் வரப்போகிறது என்று மொரப்பூர்ச் சாலையோரத்தில் மனைப்பிரிவுப் பலகைகள் நடத் தொடங்கிவிட்டார்கள்.